அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால்: டிவிஷன் விட்டு டிவிஷன் தாவும் வீரர்களும் உடைந்துபோன விதிகளும்

2025 ஏப்ரலில் கிரீன் பே நகரில் என்.எஃப்.எல். டிராஃப்ட் நடந்தது. தொழில்முறை அணிகள் கல்லூரி வீரர்களை வரிசைப்படி எடுத்துக்கொள்ளும் நிகழ்ச்சி அது. டென்னசி டைட்டன்ஸ் முதல் ஆளாகக் கேம் வார்டை எடுத்தது. அடுத்து டிராவிஸ் ஹன்டர், ஜாக்சன்வில் ஜாகுவார்ஸ் அணிக்கு. வார்ட் மயாமி பல்கலைக்கழகத்திலிருந்தும், ஹன்டர் கொலராடோவிலிருந்தும் வந்ததாகத் திரையில் காட்டினார்கள். இரண்டும் பெரிய பெயர்கள்தான். ஆனால் இருவருமே கல்லூரி ஆட்டத்தைத் தொடங்கியது அங்கே அல்ல, ஒரு படி கீழே உள்ள டிவிஷனில்.

இருபது வருடங்களுக்கு முன்பு இது அபூர்வம். கீழ் டிவிஷனில் திறமை இருந்தவர் பெரும்பாலும் அங்கேயே படிப்பை முடித்து, அங்கிருந்தே டிராஃப்டுக்குப் போவார். இப்போது ஒவ்வொரு டிசம்பர், ஜனவரியிலும் ‘போர்ட்டலில் பெயர் கொடுத்தார்’ (கல்லூரி மாற விரும்பும் வீரர்களின் பட்டியல்தான் போர்ட்டல்) என்று நூற்றுக்கணக்கில் செய்திகள் வருகின்றன. யார் மேலே போகிறார், யார் கீழே வருகிறார், இதற்கெல்லாம் விதி உண்டா என்று புரியாமல் குழம்புவது இயல்பு. அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

(இங்கே ஃபுட்பால் என்பது முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்க ஆட்டம். உலகக் கோப்பைக் கால்பந்து அல்ல.)

## எத்தனை தட்டுகள்?

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டின் பெரும்பகுதியை நடத்துவது என்.சி.ஏ.ஏ. என்ற அமைப்பு. 1973இல் அது உறுப்புக் கல்லூரிகளை மூன்று டிவிஷன்களாகப் பிரித்தது. ஃபுட்பாலில் மட்டும் 1978இல் முதல் டிவிஷனை மறுபடி இரண்டாக வெட்டியது. அப்போது அவற்றுக்கு 1-ஏ, 1-ஏஏ என்று பெயர். 2006இல் எஃப்.பி.எஸ்., எஃப்.சி.எஸ். என்று மாறியது. ஆக, ஃபுட்பால் தட்டுகள் இவை:

1. எஃப்.பி.எஸ். மேல்தட்டு. 2025 சீசனில் 136 அணிகள். அலபாமா, ஒகையோ ஸ்டேட், மிஷிகன் எல்லாம் இங்கே. நீண்ட காலம் ஓர் அணிக்கு 85 பேருக்கு முழு உதவித்தொகை என்பது வரம்பு.
2. எஃப்.சி.எஸ். இதுவும் முதல் டிவிஷன்தான், ஆனால் சிறிய பட்ஜெட். 63 பேருக்கான உதவித்தொகையை 85 பேர் வரை பங்குபோட்டுக் கொடுக்கலாம் என்பது பழைய கணக்கு. அதனால் பாதி, முக்கால் உதவித்தொகை வாங்குபவர்கள் நிறைய. ஐவி லீக் கல்லூரிகளும் இந்தத் தட்டுதான். அவை விளையாட்டுக்கென்று உதவித்தொகையே தருவதில்லை.
3. டிவிஷன் 2. மொத்தம் 36 பேருக்கு ஈடான தொகை. அதைத்தான் அணி முழுவதும் பகிர வேண்டும்.
4. டிவிஷன் 3. விளையாட்டு உதவித்தொகை கிடையாது.

இவற்றுக்கு வெளியே என்.ஏ.ஐ.ஏ. என்ற தனி அமைப்பும், ‘ஜூகோ’ எனப்படும் இரண்டாண்டு ஜூனியர் கல்லூரிகளும் உண்டு.

ஐரோப்பியக் கால்பந்து பார்ப்பவர்கள் தவறாக எடுத்துக்கொள்ளும் ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடலாம். ஜெயித்தால் அணி மேல் டிவிஷனுக்கு ஏறும், தோற்றால் இறங்கும் என்ற ஏற்பாடு அமெரிக்காவில் கிடையாது. கல்லூரி நிர்வாகம் முடிவெடுத்து, விண்ணப்பித்து, பணம் கட்டி மாற வேண்டும். எஃப்.பி.எஸ்ஸுக்கு ஏறும் விண்ணப்பக் கட்டணத்தை என்.சி.ஏ.ஏ. 2023இல் 5,000 டாலரிலிருந்து 50 லட்சம் டாலராக்கியது. அணி ஏறுவது இவ்வளவு கடினம். வீரர் ஏறுவதோ இன்று ஒரு மின்னஞ்சலில் தொடங்கிவிடுகிறது. இந்த ஏற்றத்தாழ்வை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிதாகப் புரியும்.

## பழைய விதி: இறங்குபவருக்குச் சலுகை

முன்பு ஒரு வீரர் எஃப்.பி.எஸ். கல்லூரி ஒன்றிலிருந்து இன்னொரு எஃப்.பி.எஸ். கல்லூரிக்கு மாறினால் ஒரு சீசன் சும்மா உட்கார வேண்டும். பயிற்சி செய்யலாம், ஆட்டத்தில் இறங்கக் கூடாது. ஆனால் ஒரு தட்டு கீழே இறங்கினால், சில நிபந்தனைகளுடன், உடனே ஆடலாம்.

இந்தச் சின்ன விலக்குதான் பல வருடங்கள் கீழ்த்தட்டுக்கு நல்ல வீரர்களைக் கொண்டுவந்து சேர்த்தது. பின்னாளில் என்.எஃப்.எல். நட்சத்திரமான ராண்டி மாஸ் கதை இதற்குச் சரியான உதாரணம். ஃப்ளோரிடா ஸ்டேட்டில் இடம் போன பிறகு அவர் 1996இல் மார்ஷல் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். மார்ஷல் அப்போது 1-ஏஏ அணி என்பதால் காத்திருக்காமல் களத்தில் இறங்கினார். அந்த ஒரே சீசனில் 28 டச்டவுன் (எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் பந்தைக் கொண்டுசேர்த்துப் புள்ளி எடுப்பது) பிடித்தார். அணி 15 ஆட்டங்களையும் ஜெயித்துப் பட்டம் வாங்கியது. அடுத்த வருடம் மார்ஷலே மேல்தட்டுக்கு ஏறிவிட்டது என்பது தனிக் கதை.

சலுகை எல்லோருக்கும் கிடைத்ததில்லை. பழைய கல்லூரியின் ஒப்புதல் இல்லாவிட்டால் வாசல் பாதிதான் திறக்கும். ஜோ ஃப்ளாக்கோ பிட்ஸ்பர்க்கிலிருந்து டெலவேர் பல்கலைக்கழகத்துக்கு இறங்கியபோது பிட்ஸ்பர்க் விடுவிக்க மறுத்தது. அவர் 2005 சீசனை வெளியே உட்கார்ந்து கழித்தார். அப்புறம் அங்கேயே ஆடி, 2008 டிராஃப்டில் 18ஆவது ஆளாகப் போனார், பின்னாளில் என்.எஃப்.எல். இறுதிப் போட்டியான சூப்பர் பௌலில் சிறந்த வீரர் விருதும் வாங்கினார்.

ஆக, பழைய ஏற்பாட்டில் எஃப்.சி.எஸ். கல்லூரிகளுக்கு ஒரு மறைமுக ஆதாயம் இருந்தது. பெரிய அணியில் இடம் கிடைக்காத வீரருக்கு உடனே ஆட வேண்டுமென்றால் முதலில் தட்ட வேண்டிய கதவு அவர்களுடையது. அதே நேரம் அவர்கள் வளர்த்த வீரர் மேலே போக நினைத்தால் ஒரு வருடத்தை இழக்க வேண்டும். உட்காரும் விதி வீரரைத்தான் கட்டிப்போட்டது. ஆனால் அதன் நிழலில் பிழைத்தது கீழ்த்தட்டு.

## விதிகள் உடைந்த வரிசை

1. 2018 அக்டோபர் 15: டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் தொடங்கியது. இது ஒரு தரவுத்தளம், அவ்வளவுதான். ஆனால் அதோடு வந்த விதிதான் முக்கியம். வீரர் இனி அனுமதி கேட்க வேண்டாம், அறிவித்தால் போதும்.
2. 2021 ஏப்ரல்: ஒரு முறை மாறினால் உட்கார வேண்டாம் என்ற விலக்கு ஃபுட்பாலுக்கும் வந்தது. மற்ற பெரும்பாலான கல்லூரி விளையாட்டுகளில் இது ஏற்கெனவே இருந்தது.
3. 2021 ஜூலை 1: வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்து விளம்பரங்களில் சம்பாதிக்கலாம் என்றானது. ‘என்.ஐ.எல்.’ என்று செய்திகளில் வருவது இதுதான்.
4. 2023 டிசம்பர்: இரண்டாவது, மூன்றாவது முறை மாறுபவர்களை உட்கார வைக்கும் விதியையும் மேற்கு வர்ஜீனியாவில் ஒரு ஃபெடரல் நீதிபதி தடுத்து நிறுத்தினார். 2024 ஏப்ரலில் என்.சி.ஏ.ஏ. விதியையே திருத்தியது. படிப்பில் தகுதி இருந்தால் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம்.
5. 2025 ஜூன்: கல்லூரி வீரர்கள் என்.சி.ஏ.ஏ. மீது போட்ட ‘ஹவுஸ்’ வழக்கின் சமரசத்தை நீதிபதி கிளாடியா வில்கன் ஏற்றார். கல்லூரியே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம். 2025-26இல் ஒரு கல்லூரியின் எல்லா விளையாட்டுகளுக்கும் சேர்த்து உச்சவரம்பு சுமார் 2.05 கோடி டாலர். சமரசத்தில் சேர்ந்த கல்லூரிகளுக்குப் பழைய உதவித்தொகை வரம்பு போய், அணியில் 105 பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்ற வரம்பு வந்தது.

வரிசையாகப் பார்த்தால் எல்லாமே வீரருக்குக் கிடைத்த சுதந்திரம். நியாயமும் கூட. பயிற்சியாளர் ஒப்பந்தத்தின் நடுவிலேயே வேறு கல்லூரிக்குப் போய்க் கோடிகளில் சம்பளம் வாங்கலாம், பத்தொன்பது வயதுப் பையன் மட்டும் ஒரு வருடம் உட்கார வேண்டும் என்பதற்கு நல்ல பதில் யாரிடமும் இருந்ததில்லை. ஆனால் சுதந்திரம் எல்லோருக்கும் பொதுவானதும், ‘இங்கே வந்தால் உடனே ஆடலாம்’ என்று எஃப்.சி.எஸ். வைத்திருந்த ஒரே சலுகை மதிப்பிழந்தது. எங்கே போனாலும் உடனே ஆடலாம் என்றால் கீழே ஏன் வர வேண்டும்? மேலே போகவும் இப்போது தடையில்லை, கூடவே பணமும் உண்டு.

## மேலே போவது யார்?

‘திறமைசாலிகள்’ என்று சொன்னால் பாதி உண்மைதான். கீழ்த்தட்டு வீரரை எடுக்கும் மேல்தட்டுப் பயிற்சியாளருக்கு ஒரு நெருக்கடி உண்டு. இந்தப் பையன் பலவீனமான எதிரிகளிடம்தான் இவ்வளவு நன்றாக ஆடினானா, பெரிய உடம்புக்காரர்கள் எதிரே நின்றாலும் ஆடுவானா? பதிவுகளைப் பார்த்து இதை உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் ஒருவருக்குப் பதில் தெரியும்: அவனை ஏற்கெனவே பயிற்றுவித்தவருக்கு.

அதனால்தான் பெரிய தாவல்களைக் கவனித்தால், வீரருக்கு முன்னால் பயிற்சியாளர் நடந்து போயிருப்பார்.

கேம் வார்ட் டெக்சஸின் வெஸ்ட் கொலம்பியா ஊர்க்காரர். அவருடைய உயர்நிலைப் பள்ளி அணி பந்தை அதிகம் எறியாமல் ஓடியே ஆடும் வகை. எறிவதுதான் வேலையாக உள்ள குவார்ட்டர்பேக் ஒருவருக்கு இது பெரிய சாபம். பெரிய கல்லூரிகள் எட்டிப் பார்க்கவில்லை. சான் ஆன்டோனியோவின் இன்கார்னேட் வர்ட் என்ற எஃப்.சி.எஸ். கல்லூரி எடுத்தது. அங்கே தலைமைப் பயிற்சியாளராக இருந்த எரிக் மாரிஸ் 2022இல் வாஷிங்டன் ஸ்டேட்டுக்குப் போனார். வார்டும் பின்னாலேயே போனார். இரண்டு சீசன் அங்கே. பிறகு மயாமியில் ஒரு சீசனில் 39 டச்டவுன் எறிந்து, டிராஃப்டில் முதலிடம்.

ஹன்டர் கதை தலைகீழ். நாட்டிலேயே முதல் வரிசைப் பள்ளி வீரராகக் கருதப்பட்டவர், 2021 டிசம்பரில் ஃப்ளோரிடா ஸ்டேட்டை விட்டுவிட்டு, கறுப்பின மாணவர்களுக்கான வரலாற்றுச் சிறப்புள்ள ஜாக்சன் ஸ்டேட் என்ற எஃப்.சி.எஸ். கல்லூரியைத் தேர்ந்தெடுத்தார். காரணம் அங்கிருந்த பயிற்சியாளர் டியான் சாண்டர்ஸ். சாண்டர்ஸ் கொலராடோவுக்குக் கிளம்பியதும் ஹன்டரும் கிளம்பினார், 2024இல் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் விருது வாங்கினார்.

பெய்லி ஜாப்பி எஃப்.சி.எஸ். கல்லூரியான ஹூஸ்டன் பாப்டிஸ்டிலிருந்து வெஸ்டர்ன் கென்டக்கிக்கு 2021இல் வந்தபோது, அவருடைய தாக்குதல் ஆட்டப் பயிற்சியாளர் ஜாக் கிட்லியும் அங்கேதான் போயிருந்தார். அந்தச் சீசனில் ஜாப்பி எறிந்த 62 டச்டவுன் பாஸ்கள் எஃப்.பி.எஸ். வரலாற்றுச் சாதனை.

அணியே இடம்பெயர்வதும் உண்டு. ஜேம்ஸ் மேடிசன் பயிற்சியாளர் கர்ட் சிக்னெட்டி 2024 சீசனுக்கு இண்டியானாவுக்கு மாறியபோது பழைய அணியிலிருந்து 13 பேர் கூடவே வந்தார்கள். ஜேம்ஸ் மேடிசன் 2022இல்தான் எஃப்.பி.எஸ்ஸுக்கு ஏறியது. அதற்கு முன்பு எஃப்.சி.எஸ்ஸில் வலுவான பெயர். காலங்காலமாகத் தோற்பதற்கே பெயர்போன இண்டியானா அடுத்த சீசனில் ஓர் ஆட்டமும் தோற்காமல் தேசியப் பட்டம் வென்றது. அதேபோல் சவுத் டகோட்டா ஸ்டேட் பயிற்சியாளர் ஜிம்மி ராஜர்ஸ் 2024 சீசன் முடிந்து வாஷிங்டன் ஸ்டேட்டுக்குப் போனபோதும் ஒரு கூட்டம் பின்தொடர்ந்தது. சவுத் டகோட்டா ஸ்டேட்டுக்கு இரண்டு எஃப்.சி.எஸ். பட்டம் வாங்கித் தந்த குவார்ட்டர்பேக் மார்க் க்ரொனவ்ஸ்கி அயோவாவுக்குப் போய்விட்டார்.

பயிற்சியாளர் துணையில்லாமல் ஏறி ஜெயித்தவர்களும் உண்டு. ஆல்பனியிலிருந்து ஃப்ளோரிடா ஸ்டேட்டுக்குத் தனியாகப் போன ஜாரெட் வெர்ஸ் 2024இல் என்.எஃப்.எல்லில் சிறந்த தற்காப்புப் புதுமுகம் விருது பெற்றார். மேலே போகாமல் இருந்தவர்களும் கெட்டுப்போய்விடவில்லை. டைசன் பேஜன்ட் டிவிஷன் 2 கல்லூரியான ஷெப்பர்டிலேயே ஆடி முடித்து, டிராஃப்டில் யாரும் எடுக்காமல் சிகாகோ பேர்ஸில் சேர்ந்து, 2023இல் தொடக்க குவார்ட்டர்பேக்காகக் களமிறங்கினார்.

## கீழே வருவது யார்?

இவர்களைப் பற்றி யாரும் தலைப்புச் செய்தி போடுவதில்லை. ஆனால் போர்ட்டலின் அன்றாட வாழ்க்கை இவர்கள்தான்.

முதல் வகை, இடம் கிடைக்காதவர்கள். ஓர் அணியில் களத்தில் நிற்கும் குவார்ட்டர்பேக் ஒருவர்தான். மேல்தட்டு அணியில் மூன்றாவது, நான்காவது வரிசையில் நிற்பவருக்கு எஃப்.சி.எஸ்ஸிலோ டிவிஷன் 2இலோ முதலிடம் கிடைக்கலாம்.

இரண்டாவது வகை, வெளியே தள்ளப்படுபவர்கள். பெரிய அணிகளில் உதவித்தொகை இல்லாமல் சேரும் ‘வாக்-ஆன்’ மாணவர்களையும் சேர்த்து 120 பேருக்கு மேல் இருப்பது சாதாரணம். 105 வரம்பு வந்ததும் கணக்கு இடிக்கிறது. இடம் இழந்தவர்களுக்கு மட்டும் வரம்பில் ஒரு விலக்கு கொடுத்திருக்கிறார்கள். அவர்கள் படிப்பை முடித்ததும் அதுவும் தீர்ந்துவிடும்.

மூன்றாவது வகையினர் போர்ட்டலிலேயே இருக்க மாட்டார்கள். உயர்நிலைப் பள்ளியை இப்போதுதான் முடிப்பவர்கள். பதினெட்டு வயதுப் பையனை எடுத்து மூன்று வருடம் வளர்ப்பதைவிட, வேறு யாரோ வளர்த்துவிட்ட இருபத்தோரு வயதுக்காரரை எடுப்பது பெரிய அணிக்குப் பத்திரம். விளைவு, முன்பு மேல்தட்டில் சேர்ந்திருக்கக்கூடியவர் இன்று எஃப்.சி.எஸ்ஸில் சேர்கிறார், அங்கே தேறினால் மேலே இழுக்கப்படுகிறார். ஏற்றமும் இறக்கமும் ஒரே சக்கரத்தின் இரண்டு பக்கம்.

## போர்ட்டலில் பெயர் கொடுத்தால் என்ன நடக்கும்?

1. வீரர் தன் கல்லூரியின் விதி அமலாக்க அலுவலகத்துக்கு எழுத்துமூலம் தெரிவிக்கிறார். இரண்டு வேலை நாட்களுக்குள் அவர்கள் பெயரை ஏற்ற வேண்டும்.
2. பெயர் ஏறிய பிறகுதான் மற்றப் பயிற்சியாளர்கள் அவரோடு பேசலாம். அதற்கு முன்பே தூது விடுவது விதிமீறல். நடப்பதில்லை என்று யாரும் சத்தியம் செய்ய மாட்டார்கள்.
3. பழைய கல்லூரி அந்தப் பருவத்தோடு உதவித்தொகையை நிறுத்திக்கொள்ளலாம். திரும்பிப் போக நினைத்தால் அணி ஒத்துக்கொள்ள வேண்டும். போர்ட்டலின் உண்மையான ஆபத்து இதுதான். கையில் இருப்பதை விட்டுவிட்டுத்தான் அடுத்ததைத் தேட வேண்டும்.
4. பெயர் கொடுக்க நாள் கணக்கு உண்டு. முன்பு டிசம்பரிலும் ஏப்ரலிலும் என இரண்டு சாளரம். இப்போது ஒன்றே ஒன்று: 2026இல் அது ஜனவரி 2 முதல் 16 வரை இருந்தது. தலைமைப் பயிற்சியாளர் மாறினால் அந்த அணி வீரர்களுக்குத் தனிச் சாளரம் திறக்கும்.
5. படித்த பாடங்களின் மதிப்பலகுகளைப் புதிய கல்லூரி ஏற்க வேண்டும். முதல் டிவிஷனில் ஆட, மூன்றாம் ஆண்டு தொடக்கத்தில் பட்டப்படிப்பில் 40 சதவீதம், நான்காம் ஆண்டில் 60, ஐந்தாம் ஆண்டில் 80 சதவீதம் முடித்திருக்க வேண்டும். ஒரு கல்லூரியின் பாடத்தை இன்னொன்று கணக்கில் எடுக்காவிட்டால் எவ்வளவு நன்றாக ஆடினாலும் தகுதி போய்விடும். மூன்று முறை தாவுபவர்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இங்கேதான்.

இந்தச் சாளரத்தில் ஒரு வேடிக்கை இருக்கிறது. எஃப்.சி.எஸ். இறுதிப் போட்டி 2026 ஜனவரி 5 அன்று நடந்தது. அதாவது கீழ்த்தட்டின் பட்டம் முடிவாவதற்கு மூன்று நாள் முன்பே சந்தை திறந்துவிட்டது.

## ஆண்டுக் கணக்கு: எது எண்ணப்படும்?

முதல் டிவிஷன் விதிப்படி, கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து ஐந்து வருடத்துக்குள் நான்கு சீசன் ஆடலாம். அப்படியானால் கீழ்த்தட்டில் ஆடிய சீசனும் அந்த நான்கில் சேருமா? சேரும் என்பதே விதி. அதை முதலில் அசைத்தவர் டியகோ பாவியா.

அவர் நியூ மெக்சிகோவின் ஒரு ராணுவப் பயிற்சி ஜூகோவில் தொடங்கி, நியூ மெக்சிகோ ஸ்டேட் வழியாக வாண்டர்பில்ட்டுக்கு வந்தவர். 2024 அக்டோபரில் அவர் தலைமையில் வாண்டர்பில்ட் முதலிடத்தில் இருந்த அலபாமாவை 40-35 என்று வீழ்த்தியது. ஜூகோவில் ஆடிய சீசன்களை எண்ணக் கூடாது என்று வழக்குப் போட்டார். ஜூகோ என்.சி.ஏ.ஏ. உறுப்பே இல்லை, அதன் ஆட்டத்துக்கு என்.ஐ.எல். சந்தையில் மதிப்பும் இல்லை, பிறகு எண்ணுவது மட்டும் ஏன் என்பது வாதம். 2024 டிசம்பரில் டென்னசி நீதிமன்றம் அவருக்குச் சாதகமாக இடைக்காலத் தடை தந்தது. என்.சி.ஏ.ஏ. மேல்முறையீடு செய்துகொண்டே, அதே நிலையில் இருந்த மற்ற ஜூகோ வீரர்களுக்கும் ஒரு வருடம் விலக்குக் கொடுத்தது.

ஜூகோவுக்குக் கிடைத்தால் டிவிஷன் 2க்கும் கிடைக்க வேண்டும் அல்லவா? கிராண்ட் வேலி ஸ்டேட் என்ற டிவிஷன் 2 கல்லூரியிலிருந்து விஸ்கான்சினுக்கு வந்த நைசியர் ஃபோர்குரியன் அப்படித்தான் கேட்டார். கீழ் நீதிமன்றம் ஒத்துக்கொண்டது. 2025 ஜூலையில் ஏழாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. இப்படி ஒரே கேள்விக்கு மாநிலத்துக்கு மாநிலம் வேறு வேறு பதில். அதனால் ‘இன்னொரு சீசன் ஆடுவார்’ என்ற செய்தியைப் பார்த்தால், எந்த நீதிமன்றம், இடைக்காலத் தடையா இறுதித் தீர்ப்பா என்று பார்ப்பது நல்லது.

## வளர்த்த கல்லூரிக்கு என்ன மிச்சம்?

உலகக் கால்பந்தில் ஒரு சிறிய கிளப் வளர்த்த வீரரைப் பெரிய கிளப் வாங்கினால் விலை கொடுக்க வேண்டும். ஃபிஃபா விதிப்படி அந்த விலையில் 5 சதவீதம், வீரரை 12 முதல் 23 வயது வரை பயிற்றுவித்த கிளப்புகளுக்குப் பிரிந்து போகும். அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் அப்படி ஒரு பொது ஏற்பாடு கிடையாது. இன்கார்னேட் வர்டுக்கோ ஆல்பனிக்கோ கிடைத்தது பழைய மாணவர் என்ற பெருமை மட்டுமே. வீரரின் சுதந்திரத்தைக் குறைக்காமலே இந்தப் பங்கைக் கொடுக்கலாம், பணம் கொடுக்க வேண்டியது எடுத்துக்கொள்ளும் கல்லூரிதானே. ஆனால் அதைக் கொடுக்க வேண்டியவர்களே விதி எழுதும் மேசையிலும் பெரிய குரலோடு உட்கார்ந்திருக்கிறார்கள்.

சிறிய கல்லூரிகள் வேறு வழிகளைப் பார்க்கின்றன. மேலே போன வீரர்களின் பட்டியலையே விளம்பரமாக்கி, ‘இங்கே வா, இரண்டு வருடத்தில் பெரிய இடத்துக்குப் போகலாம்’ என்று புதியவர்களை அழைப்பது ஒரு வழி. ஜூகோக்கள் இதை எப்போதும் செய்துவந்தவைதான், இப்போது எஃப்.சி.எஸ்ஸும் கற்றுக்கொண்டிருக்கிறது.

பென்சில்வேனியாவின் செயின்ட் ஃபிரான்சிஸ் பல்கலைக்கழகம் இன்னொரு முடிவெடுத்தது. இண்டியானா பட்டம் வென்றபோது முக்கியப் பந்து பிடிப்பாளராக இருந்த எலைஜா சாரட் 2022இல் தொடங்கியது அங்கேதான். அந்த வருடம் செயின்ட் ஃபிரான்சிஸ் எஃப்.சி.எஸ். பிளே-ஆஃபுக்கே போயிருந்தது. மறு வருடம் அவர் ஜேம்ஸ் மேடிசனில், அதற்கடுத்த வருடம் இண்டியானாவில். 2025 மார்ச்சில் செயின்ட் ஃபிரான்சிஸ் நிர்வாகம், கல்லூரி விளையாட்டு போகும் திசையைக் காரணம் சொல்லி, முதல் டிவிஷனை விட்டே விலகி, உதவித்தொகை இல்லாத டிவிஷன் 3க்குப் போவதாக அறிவித்தது.